அப்பாவின் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரு பழைய கார்டு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் அப்பா கோத்தகிரியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். போன வருடம் தவறிவிட்டார். 1997ல் அவர் வாங்கிய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கித் திறந்து பார்த்தோம். உள்ளே 'அடாப்டெக் ஏ.எச்.ஏ. 2940' என்று போட்ட ஒரு கார்டு இருக்கிறது. ஹார்ட் டிஸ்க், ஸ்கேனர் இரண்டுமே அதில்தான் மாட்டியிருக்கின்றன. கடையில் கேட்டால், "ரொம்பப் பழசு, எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்கிறார்கள். இது எந்தக் கம்பெனி? இன்னும் இருக்கிறதா? அந்த டிஸ்க்கில் இருக்கும் படங்களை எடுக்க முடியுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: தயவுசெய்து எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கார்டு, டிஸ்க், அகலமான அந்தக் கேபிள், கேபிளின் நுனியிலோ கடைசிச் சாதனத்தின் பின்பக்கத்திலோ செருகியிருக்கும் சின்னக் கட்டை போன்ற ஒன்று, எல்லாமே வேண்டும். படங்களை எடுக்கும் வழியைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன், அதற்கு முன்னால் இந்தக் கார்டு என்ன வேலை செய்தது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே பாதி புரிந்துவிடும். உங்கள் அப்பா தொழிலை மதித்தவர் என்பது மட்டும் இந்தக் கார்டைப் பற்றிக் கேட்டவுடனே தெரிந்தது. அந்தக் காலத்துச் சாதாரண கம்ப்யூட்டரில் இது வராது. தனியாகக் காசு கொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டும், அதற்கேற்ற டிஸ்க்கும் கூடுதல் விலை.

அடாப்டெக் 1981ல் கலிஃபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் தொடங்கிய கம்பெனி. ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் லாரி பௌச்சர். அதற்கு முன் அவர் ஷுகார்ட் அசோசியேட்ஸ் என்ற ஃபிளாப்பி டிரைவ் கம்பெனியில் வேலை பார்த்தார். அங்கே அவர் கையாண்ட சிக்கல் இதுதான்: அப்போதைய ஹார்ட் டிஸ்க்குக்குத் தானாக ஒன்றும் தெரியாது. "முள்ளை இத்தனை படி உள்ளே நகர்த்து, இந்தப் பக்கத்துத் தலையை எடு, இந்த இடம் சுற்றி வரும்வரை காத்திரு" என்று ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து சொல்ல வேண்டும். டிஸ்க் மாறினால் சொல்லும் விதமும் மாறும், கார்டும் மாறும். பௌச்சர் குழு இதற்கு ஒரு பொது மொழியை உருவாக்கியது. கம்ப்யூட்டர் "எனக்கு 1,200ஆவது கட்டத்தைக் கொடு" என்று கேட்டால் போதும், அது எந்தத் தட்டில் எங்கே இருக்கிறது என்பது மறுமுனையின் கவலை. ஷுகார்ட் பெயரிலேயே சாஸி என்று அழைக்கப்பட்ட அந்த மொழியைப் பொதுத் தரமாக்க முயன்றபோது, ஒரு கம்பெனியின் பெயர் அதில் இருக்கக்கூடாது என்று 1982ல் பெயரை மாற்றினார்கள். 1986ல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு ஒப்புதல் கொடுத்தது. அதுதான் ஸ்கஸி. அதே 1986ல் ஆப்பிள் தன் மேகின்டாஷ் பிளஸ்ஸில் ஸ்கஸி போர்ட் வைத்தது, அப்புறம் அச்சகம், டி.டி.பி., ஸ்டுடியோ என்று படத்தோடு புழங்கியவர்கள் எல்லாரும் ஸ்கஸி பக்கம் வந்தார்கள்.

அடாப்டெக் ஆரம்பத்தில் செய்தவற்றில் ஒன்று, பழைய 'ஒன்றும் தெரியாத' டிஸ்க்குகளுக்கும் புது மொழிக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கும் கார்டு. சன் கம்பெனியின் வொர்க்ஸ்டேஷன்களில் அது இருந்தது. ஆனால் கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கம்ப்யூட்டருக்குள் செருகும் கார்டுகள்: எண்பதுகளின் கடைசியில் 1540, 1542 வரிசை, தொண்ணூறுகளின் நடுவில் நீங்கள் கையில் வைத்திருக்கும் 2940 வரிசை. இந்தக் கார்டுகளின் உயிர் அவற்றின் மேல் இருக்கும் ஒரு சிப். உங்கள் கார்டில் 'ஏ.ஐ.சி.' என்று தொடங்கி ஒரு எண் போட்ட சதுரச் சிப் இருக்கும் பாருங்கள், பெரும்பாலும் 7870 அல்லது 7880.

அது என்ன செய்கிறது என்பதை நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தோட்டத்தில் கொழுந்து பறித்து மூட்டை கட்டிவிட்டீர்கள். ஃபேக்டரிக்கு நீங்களே ஒவ்வொரு மூட்டையாகத் தலையில் சுமந்துகொண்டு போய், எடை போடும்வரை நின்று, சீட்டு வாங்கித் திரும்பி வந்தால் அன்றைக்குப் பறிப்பு நடக்காது. அதனால்தான் இலை ஏஜெண்டின் லாரி வருகிறது. மூட்டையை ரோட்டோரம் வைத்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போய்விடுகிறீர்கள், எல்லாம் முடிந்தபின் சீட்டு கைக்கு வருகிறது. சாதாரண பி.சி.யில் அந்தக் காலத்தில் பிராசஸரே மூட்டை சுமந்தது. டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டையும் அதுவே எடுத்து மெமரியில் வைக்கும், அதுவரை வேறு வேலை ஓடாது. அடாப்டெக் சிப் அந்தச் சுமையைத் தானே வாங்கிக்கொண்டது. அதற்குள்ளேயே ஒரு குட்டி பிராசஸர் உண்டு. பிராசஸரிடமிருந்து உத்தரவை மட்டும் பெற்றுக்கொண்டு, டிஸ்க்கோடு பேசி, தகவலை நேராக மெமரியில் கொண்டுபோய் வைத்து, முழுக்க முடிந்த பிறகே "ஆயிற்று" என்று மணி அடிக்கும்.

லாரி உவமையை இன்னும் கொஞ்சம் நீட்டலாம், ஏனென்றால் ஸ்கஸியின் அழகு அங்கேதான். ஏஜெண்ட் போன் வந்த வரிசைப்படி ஊர் ஊராக மேலும் கீழும் அலைவதில்லை, ரோடு போகிற வரிசைப்படி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வருகிறார். ஸ்கஸி டிஸ்க்கும் தனக்கு வந்த உத்தரவுகளைத் தட்டில் அவை இருக்கும் இடத்தைப் பொறுத்து மாற்றி அடுக்கிக்கொள்ளும். இன்னொன்று, டிஸ்க் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கேபிளை விட்டு ஒதுங்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் ஸ்கேனர் பேசலாம், கிடைத்ததும் டிஸ்க் மறுபடி வந்து சேரும். ஒரே கேபிளில் கார்டையும் சேர்த்து எட்டுச் சாதனங்கள், அகலக் கேபிளாக இருந்தால் பதினாறு.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். ஒரு ஏ-4 அளவு கலர் படத்தை அச்சுக்கேற்ற தரத்தில் ஸ்கேன் செய்தால் சுமார் 26 எம்.பி. வரும், எங்கள் கம்ப்யூட்டரின் மொத்த மெமரியே 32 எம்.பி. பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் மலிவு ஸ்கேனரில் ஒரு படம் ஓடி முடிவதற்குள் மவுஸ் அம்புக்குறிகூட நகராது. அடாப்டெக் கார்டு வந்தபிறகு ஒரு படம் உள்ளே ஏறும்போதே இன்னொன்றில் பெயர் அடித்துக்கொண்டிருப்போம், அந்த வித்தியாசத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஒரு நாள் ஸ்கேனரே தெரியாமல் போய்விட்டது. கல்யாண ஆல்பம் ஒன்று மாலைக்குள் போக வேண்டும், அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் தூசி துடைத்தவர் ஸ்கேனர் பின்னால் இருந்த கட்டையைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். அதற்கு டெர்மினேட்டர் என்று பெயர். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் எதிர்மலையில் பட்டுக் குரல் திரும்பி வருகிறதே, அதே போலக் கேபிளின் நுனியில் சிக்னல் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலைக் குழப்பும். அந்தக் கட்டை, வந்த சிக்னலை அங்கேயே உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் முதலிலேயே கெஞ்சினேன், அதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று.

கேள்வி: எங்கள் பிராஜெக்டுக்காக ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் செய்த கம்பெனிகளைப் பார்த்து வருகிறேன். அடாப்டெக், சிம்பியாஸ், எல்.எஸ்.ஐ. என்று எதைத் தேடினாலும் கடைசியில் யாரோ ஒருவர் வாங்கிவிட்டார் என்றே முடிகிறது. நல்ல சிப் செய்தவர்கள் ஏன் நிலைக்கவில்லை?
– பொறியியல் மாணவர், குன்னூர்

பதில்: கோத்தகிரிக் கடிதம் வந்த வாரமே உங்கள் கடிதமும் வந்தது தம்பி, அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே.

அடாப்டெக் 1986ல் பங்குச் சந்தைக்கு வந்தது, 1998ல் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டது. அந்த வருடம்தான் உச்சம், திருப்பமும் அதுதான். அப்போது ஸ்கஸி சிப்பில் பெரிய போட்டியாளர் சிம்பியாஸ். என்.சி.ஆர். கம்பெனியின் சிப் பிரிவாக இருந்து, கொரியாவின் ஹூண்டாய் கைக்குப் போனது. அடாப்டெக் அதை 77.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. இரண்டும் ஒன்றானால் போட்டியே இருக்காது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆட்சேபிக்கவே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. உடனே எல்.எஸ்.ஐ. லாஜிக் உள்ளே வந்து 76 கோடி டாலருக்கு சிம்பியாஸை வாங்கிக்கொண்டது. போட்டியாளர் பலவீனமாவதற்குப் பதில், பின்னால் பெரிய கம்பெனியின் பலத்தோடு எதிரே வந்து நின்றார்.

ஆனால் போட்டியாளர் மட்டும் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அடியில் நடந்தது வேறு. பி.சி. மதர்போர்டின் சிப்செட்டுக்குள்ளேயே, அதாவது போர்டோடு சேர்ந்தே வரும் சிப்களுக்குள்ளேயே, டிஸ்க் கன்ட்ரோலர் வந்துவிட்டது, அதுவும் பிராசஸரைச் சுமக்கவிடாமல் தானே மெமரிக்குக் கொண்டுபோகும் வித்தையோடு. அதாவது அடாப்டெக் காசு வாங்கிக்கொண்டு செய்ததை இன்டெல் கூடவே சேர்த்துக் கொடுத்தது. அதில் மாட்டும் ஐ.டி.இ. என்ற சாதாரண வகை டிஸ்க்கின் விலையும் குறைவு. 1998ல் ஆப்பிள் ஐமேக்கில் ஸ்கஸி போர்ட்டை எடுத்துவிட்டு யு.எஸ்.பி. வைத்தது, ஸ்கேனர்கள் அந்தப் பக்கம் போயின. மிச்சம் இருந்தது சர்வர் சந்தை மட்டும், அங்கே எல்.எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தது. என் கருத்து, அடாப்டெக்கின் எண்ணம் தோற்கவில்லை, அந்த எண்ணம் எல்லா மதர்போர்டுக்கும் பரவியதால்தான் அதைத் தனியாக விற்பவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

நடுவில் அவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. மென்பொருள் எழுதுபவர்கள் எந்த ஸ்கஸி கார்டோடும் ஒரே மாதிரி பேசுவதற்கு ஆஸ்பி என்ற முறையைக் கொடுத்தார்கள், போட்டிக் கம்பெனிகளே அதைப் பின்பற்றின. சி.டி. எழுதும் மென்பொருளையும் வாங்கி வளர்த்து, 2001ல் ராக்ஸியோ என்று தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். ஆரம்பகால சி.டி. ரைட்டர்கள் ஸ்கஸியில்தான் வந்தன, ஏனென்றால் எழுதும்போது தகவல் ஒரு கணம் வராமல் நின்றாலும் அந்த சி.டி. பாழ். 2010ல் ஸ்டோரேஜ் தொழில் பி.எம்.சி.-சியரா என்ற சிப் கம்பெனியின் கைக்கு 3.4 கோடி டாலருக்குப் போனது. பன்னிரண்டு வருடம் முன்பு சிம்பியாஸுக்குக் கொடுக்கத் தயாராக இருந்த தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எனக்கு அந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. 2016ல் பி.எம்.சி.யை மைக்ரோசெமி வாங்கியது, 2018ல் மைக்ரோசெமியை மைக்ரோசிப் வாங்கியது. கோத்தகிரி வாசகியின் இரண்டாவது கேள்விக்கும் இதுதான் பதில்: கம்பெனி இல்லை, பெயர் இருக்கிறது. மைக்ரோசிப் இன்றும் சர்வர் கார்டுகளை அடாப்டெக் என்ற பெயரில் விற்கிறது.

எல்.எஸ்.ஐ.யும் தப்பவில்லை. 2014ல் அவாகோ 660 கோடி டாலருக்கு வாங்கியது, அந்த அவாகோதான் இன்றைய பிராட்காம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் எல்.எஸ்.ஐ.யின் மெகாரெய்ட் கார்டுகள் பிறந்த இடம் நமக்குக் கொஞ்சம் பக்கம். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் நிரலைச் செய்யும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் கம்பெனியில் பிறந்தவை, சுப்ரமணியன் சங்கரும் பேட் சர்மாவும் 1985ல் ஆரம்பித்தது, சென்னையிலும் கிளை உண்டு. 2001ல் அந்தப் பிரிவை எல்.எஸ்.ஐ.க்கு விற்றார்கள்.

பிராஜெக்டில் லாரி பௌச்சரைப் பற்றித் தனியாக ஒரு பக்கம் வையுங்கள். அடாப்டெக்கை விட்டு வெளியே வந்து 1987ல் ஆஸ்பெக்ஸ் தொடங்கினார், நெட்வொர்க்குக்கு ஒரு பிராசஸர், ஃபைலுக்கு ஒரு பிராசஸர் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்த ஃபைல் சர்வர் கம்பெனி. 1997ல் அலாக்ரிடெக், நெட்வொர்க்கில் தகவலைத் துண்டு துண்டாக அனுப்பிச் சரிபார்க்கும் டி.சி.பி. வேலையை நெட்வொர்க் கார்டே செய்துவிடும் சிப். மூன்று கம்பெனி, சந்தை வேறு வேறு, எண்ணம் ஒன்றே: முக்கிய பிராசஸரை மூட்டை தூக்கவிடாதே. ஒரு மனிதர் ஒரே எண்ணத்தை இத்தனை வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கேள்வி: எங்கள் ஊர் வானாய்வகத்தில் நூறு வருடத்துக்கு முந்தைய சூரியப் படங்கள் கண்ணாடித் தகட்டில் அப்படியே இருக்கின்றன. என் பென் டிரைவில் மூன்று வருடத்துப் படங்கள் போய்விட்டன. எது முன்னேற்றம்?
– ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. கொடைக்கானலில் 1900களின் தொடக்கத்திலிருந்து சூரியனைத் தினமும் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். 1909ல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்ததும் அங்கேதான். அந்தத் தகட்டைப் படிக்க வெளிச்சமும் கண்ணும் போதும். டிஸ்க்கோ பென் டிரைவோ அப்படியில்லை, நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பென் டிரைவில் உங்கள் படம் வரிசையாக உட்கார்ந்திருப்பதாக நினைக்காதீர்கள். ஃபிளாஷ் மெமரியில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், கன்ட்ரோலர் சிப் துண்டு துண்டாக்கி வெவ்வேறு இடத்தில் வைத்து, எது எங்கே என்ற வரைபடத்தைத் தான் வைத்துக்கொள்கிறது. அந்தச் சிப் செத்தால் மெமரி நன்றாக இருந்தும் படம் கிடைக்காது. இன்னொன்று, வருடக்கணக்கில் மின்சாரமே காணாமல் பெட்டியில் கிடந்தால் அதிலுள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும். எடுத்துச் செல்ல அருமையான பொருள், பாதுகாத்து வைக்க அது சரிப்படாது.

இதற்காகக் கண்ணாடிக்குத் திரும்ப முடியாது. அந்தத் தகடுகளையே இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது, தகடும் இருக்கிறது, நகலும் இருக்கிறது. வீட்டிலும் அதேதான் வழி. இரண்டு நகல், இரண்டு விதமான பொருளில், ஒன்று மலையில், ஒன்று கீழே வத்தலக்குண்டிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில். நம் ஈரத்தில் சி.டி.யிலும் லென்ஸிலும் பூஞ்சை பிடிப்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கேள்வி: பென் டிரைவுக்குள் இருக்கும் சிப் யார் செய்வது?
– கூடலூர் வாசகர்

பதில்: வெளியே எந்தப் பெயர் போட்டிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் தைவான் கம்பெனிகள்தான், ஃபைசன், சிலிக்கான் மோஷன் போன்றவை. ஃபைசனை 2000ல் நண்பர்களோடு தொடங்கிய புவா கெய்ன் செங் மலேசியாவில் செக்கிஞ்சான் என்ற நெல் வயல் ஊர்க்காரர்.

சரி, கோத்தகிரி வாசகிக்கு வருகிறேன். உங்கள் படங்கள் கார்டில் இல்லை, டிஸ்க்கில் இருக்கின்றன, ஆனால் கார்டு இல்லாமல் அந்த டிஸ்க் யாரோடும் பேசாது. பரணில் கிடந்த பெட்டியை உடனே கரண்ட்டில் போடாதீர்கள். டிஸ்க்கையும் கார்டையும் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் ஒரு வாரம் வையுங்கள். பழைய பவர் சப்ளையை நம்ப வேண்டாம். இந்தக் கார்டைச் செருகும் பி.சி.ஐ. ஸ்லாட் உள்ள, 2005லிருந்து 2010க்குள் வந்த ஒரு பழைய டெஸ்க்டாப் கிடைத்தால் நல்லது, குன்னூரிலும் கோவையிலும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கார்டை அதில் செருகி, பழைய கேபிளையே மாட்டி, ஸ்கேனரை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் இணையுங்கள், நுனியில் டெர்மினேட்டர் இருக்கட்டும். ஆன் செய்ததும் அடாப்டெக் பெயரோடு ஒரு வரி வரும், அப்போது கன்ட்ரோல் விசையோடு ஏ-யை அழுத்தினால் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியல் தெரியும். அங்கே டிஸ்க்கின் பெயர் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அப்புறம் லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பூட் செய்யுங்கள். இந்தச் சிப்புக்கான டிரைவர் லினக்ஸில் இன்றும் இருக்கிறது. ஃபைல்களைத் தேடித் திறந்து பார்க்க ஆசையாக இருக்கும், தயவுசெய்து வேண்டாம். பழைய டிஸ்க் எத்தனை நேரம் சுற்றும் என்று சொல்ல முடியாது. டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலைக் கொண்டு முதலில் மொத்த டிஸ்க்கையும் அப்படியே ஒரு புது டிஸ்க்கில் நகல் எடுங்கள். அதன் பிறகு பழையதை அணைத்து எடுத்து வைத்துவிட்டு, நகலில் தேடுங்கள். ஸ்டுடியோக்காரர்கள் அப்போது சேமித்த டிஃப், ஜேபெக் ஃபைல்கள் இன்றும் திறக்கும். டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் அந்த நொடியே நிறுத்தி, டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள்.

இன்னொரு தடவை பரணில் ஏறிப் பாருங்கள். ஸ்கேனர் வைத்திருந்தவர் நெகட்டிவ் வைத்திருப்பார். பிஸ்கட் டப்பாவிலோ பட்டர் பேப்பர் உறையிலோ இருக்கும். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கருப்பு-வெள்ளைச் சுருள்கள்கூட அதில் இருக்கலாம். அவற்றைப் படிக்க எந்தச் சிப்பும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே முகங்கள் தெரியும். டிஸ்க் என்ன சொன்னது, டப்பாவில் என்ன இருந்தது என்று இரண்டையும் எழுதுங்கள்.